காய்ச்சலோடு வருகைப் பதிவு

ஜூன் 12ஆம் தேதி வாக்கில் தெலங்கானாவில் பள்ளிகள் திறக்கின்றன. அதே நாட்களில் தென்மேற்குப் பருவமழையும் வந்து சேர்கிறது. சிகந்தராபாத்தின் வடமேற்கில், நாகபுரி நெடுஞ்சாலையை ஒட்டிய போவன்பள்ளியில் காய்கறிச் சந்தையைச் சுற்றிய சாலைகள் சேறாகும். சந்துக்கொன்றாக இருக்கும் பள்ளிகளில் இருமல் சத்தம் கூடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. பள்ளிக்கு அனுப்பாதீர்கள் என்று டைரியிலேயே அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். ஆசிரியருக்கே காய்ச்சல் என்றால்? அங்கே விதிகள் வேறு மொழி பேசத் தொடங்குகின்றன. எத்தனை நாள் தற்செயல் விடுப்பு மிச்சம், மருத்துவச் சான்று உண்டா, சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவரிடமிருந்து நோய் எத்தனை பேருக்குப் போகும் என்ற கேள்வி பெரும்பாலும் இருக்காது.

இந்தக் கேள்வியைப் போவன்பள்ளியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தொற்றுநோய் அறிவியலின் பெரிய அத்தியாயங்கள் சில அந்தப் பகுதியைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. பக்கத்திலுள்ள பேகம்பேட்டையில்தான் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். நல்லகுண்டாவிலுள்ள காய்ச்சல் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர்மக்களுக்கு அது இன்றும் 'கோரண்டி தவாகானா', அதாவது குவாரண்டைன் ஆஸ்பத்திரி. 2009 மே மாதம் இந்தியாவின் முதல் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) நோயாளி உறுதி செய்யப்பட்டது ஹைதராபாத்தில். 2020 மார்ச் 2 அன்று தெலங்கானாவின் முதல் கோவிட் நோயாளி அறிவிக்கப்பட்டபோது அவர் இருந்தது சிகந்தராபாத் காந்தி மருத்துவமனையில்.

பள்ளிகளும் இந்த வரலாற்றுக்குள் வந்தன. 2021 பிப்ரவரி 1 அன்று தெலங்கானாவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தார்கள். சில வாரங்களிலேயே பள்ளிகளிலும் உறைவிட விடுதிகளிலும் ஆசிரியர்கள், மாணவர்கள் என்று தொற்று தெரியவந்தது. மார்ச் 23 அன்று கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவிக்க, மறுநாள் முதல் மாநிலம் முழுவதும் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. யார் எப்போது வீட்டில் இருக்க வேண்டும் என்ற சின்ன விதிகள் சரியாக வேலை செய்யாதபோது எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டிய பெரிய விதி வந்துவிடுகிறது.

குரலும் காற்றும்

வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசிரியர் ஒருவர்தான். நாற்பதில் ஒருவருக்கு இருக்கும் ஆபத்துதானே அவருக்கும் என்று தோன்றலாம். இரண்டு காரணங்களால் கணக்கு மாறுகிறது.

முதல் காரணம், நடமாட்டம். உயர்நிலை வகுப்பில் ஒரு மாணவி நாள் முழுவதும் ஒரே பெஞ்சில், ஒரே கூட்டத்தோடு இருக்கிறாள். அறிவியல் ஆசிரியரோ எட்டு 'ஏ', எட்டு 'பி', ஒன்பது 'சி' என்று ஒரே நாளில் ஐந்து அறைகளுக்குள் போய் வருகிறார். வகுப்புகளுக்கு இடையே நோய் தாவுவதற்கு அவர் ஒரு பாலம். பிறகு ஆசிரியர் அறை: ஒரே மேசையைச் சுற்றிச் சாப்பாடு, ஒரே சன்னல், ஒரே மின்விசிறி.

இரண்டாவது காரணம், குரல். பேசும்போது வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளிவருகின்றன. குரல் உயர உயர அவற்றின் எண்ணிக்கையும் உயர்கிறது என்று கலிஃபோர்னியாவில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. மௌனமாக மூச்சு விடுபவரைவிடப் பேசுபவர் அதிகமாகவும், மெல்லப் பேசுபவரைவிட உரக்கப் பேசுபவர் இன்னும் அதிகமாகவும் துளிகளை வெளியிடுகிறார். கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும் என்று நாளெல்லாம் உரக்கப் பேசுவதுதான் ஆசிரியரின் தொழில். பெரிய துளிகள் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். நுண்துளிகள் மூடிய அறையில் நீண்ட நேரம் மிதக்கும்.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 2021 மே மாதம் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்திலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்ததை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. தடுப்பூசி போடாத ஓர் ஆசிரியருக்கு மே 19 அன்று அறிகுறிகள் தொடங்கின. அவர் உடனே விடுப்பு எடுக்காமல் இரண்டு நாள் வேலைக்கு வந்தார். முகக்கவசம் கட்டாயம் என்றிருந்தும், பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும்போது சில வேளைகளில் அதைக் கழற்றினார். அவருடைய வகுப்பில் 24 பிள்ளைகள். அவர்களில் 12 பேருக்குத் தொற்று உறுதியானது. முன்னால் இருந்த இரண்டு வரிசைகளில் பத்தில் எட்டுப் பேர். பின்னால் இருந்த மூன்று வரிசைகளில் பதினான்கில் நான்கு பேர். அறையில் கதவும் சன்னல்களும் திறந்திருந்தன, காற்று வடிகட்டியும் இருந்தது. அங்கிருந்து வேறு வகுப்புக்கும், வீடுகளுக்கும் பரவி, ஆசிரியரையும் சேர்த்து 27 பேர் என்று கணக்கு நின்றது. அவருக்கு முதலில் தோன்றிய அறிகுறிகள் மூக்கடைப்பும் சோர்வும்தான். நம் ஊரில் அதற்காக யாரும் லீவு கேட்கமாட்டார்கள், கேட்டாலும் கொடுக்கமாட்டார்கள்.

எந்த நாளில் பரவுகிறது?

விடுப்பு விதிகளை எழுதுபவர்கள் நோயின் கடுமையைப் பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாக இருந்தால் லீவு. எழுந்து நடமாட முடிந்தால் வேலை. தொற்று அந்த அளவுகோலைக் கண்டுகொள்வதில்லை. ஒருவருக்கு உடம்பு மிக மோசமாக இருக்கும் நாளும், அவர் மற்றவருக்கு அதிகம் பரப்பும் நாளும் பல நோய்களில் ஒன்றாக வருவதில்லை.

இன்ஃப்ளூயன்சா என்கிற ஃப்ளூ காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியே வரத் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொடுகிறது. ஐந்து முதல் ஏழு நாட்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. தொண்டை கரகரக்கிறது, உடம்பு லேசாக வலிக்கிறது, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று ஆசிரியர் நினைக்கும் முதல் நாளும் இரண்டாம் நாளுமே வகுப்பறைக்கு மிக மோசமான நாட்கள். நான்காம் நாள் முடியாமல் படுத்துவிடுகிறார். அதற்குள் காரியம் முடிந்திருக்கும். மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்குகிறது. வைரஸ் வெளியேறுவதை நிறுத்துவதில்லை.

கோவிட் இன்னும் தந்திரமானது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியவற்றில் சுமார் 44 சதவீதம், பரப்பியவருக்கு அறிகுறி தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்திருக்கலாம் என்று 2020இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு கணித்தது. விடுப்பு விதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பங்கைத் தடுக்க முடியாது. அதற்குத் திறந்த சன்னலும் தடுப்பூசியும் வேண்டும். ஆனால் மீதிப் பாதிக்கும் மேற்பட்ட பங்கு, அறிகுறி தெரிந்த பிறகு நிகழ்வது. அதை நிறுத்துவது விதியின் கையில் இருக்கிறது.

மற்ற நோய்களுக்கும் தனித்தனி நாள்கணக்கு உண்டு. தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரை பரவும். எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகக்கூடிய நோய் அது. சின்னம்மை, கொப்புளம் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளங்களும் பொருக்காகும் வரை. பொன்னுக்கு வீங்கி, வீக்கம் தொடங்கி ஐந்து நாள் வரை. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாக வந்ததிலிருந்து 48 மணி நேரம். ஹெபடைடிஸ் ஏ வகை மஞ்சள் காமாலை, கண் மஞ்சளாகி ஒரு வாரம் வரை. பிரிட்டனின் பொதுச் சுகாதார அமைப்பு பள்ளிகளுக்காக வெளியிடும் பட்டியலில் இத்தகைய கணக்குகள் நோய்வாரியாக இருக்கின்றன. பிள்ளைகளுக்கு மட்டுமென்று இல்லாமல் ஊழியர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பட்டியல் அது.

அந்தப் பட்டியலின் இன்னொரு சிறப்பு, யாரெல்லாம் வரலாம் என்றும் அது சொல்வது. பேன், கை-கால்-வாய் நோய் ஆகியவற்றுக்காக அங்கே யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. கண் நோய்க்கும் விலக்கிவைப்பு தேவையில்லை என்கிறார்கள். நம்மூரில் 'மெட்ராஸ் ஐ' என்றும் தெலுங்கில் 'கண்ட்லகலக' என்றும் சொல்லப்படும் அதே நோய்தான். ஆனால் ஒரே பெஞ்சில் நான்கைந்து பேர் நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில், கண்ணைத் துடைத்த கையால் நோட்டுத் திருத்தும் ஆசிரியர் சில நாள் விலகியிருப்பது நல்லது. வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே பெயர்த்து ஒட்டாமல் நம் வகுப்பறையின் நெருக்கத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பாதை

ராஸ் பேகம்பேட்டையில் கண்டுபிடித்தது ஒரு பாதையை. மலேரியா கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பிய காலத்தில், அது கொசு வழியே வருகிறது என்று அவர் நிறுவினார். ஊழியர் வருகை விதிக்கும் இந்தப் பாடமே அடிப்படை: காய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்குள் பல பாதைகள் ஒளிந்திருக்கின்றன.

மலேரியாவோ டெங்கியோ வந்த ஆசிரியர் இருமினாலும் தும்மினாலும் அவற்றைப் பரப்பமாட்டார். அவருக்கு ஓய்வு தேவை என்பது அவர் உடலுக்காக. பள்ளி செய்ய வேண்டியது மொட்டைமாடித் தொட்டியையும் பழைய டயர்களையும் பார்ப்பது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதாவது பள்ளி நேரத்தில்தான் கடிக்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஆசிரியரால் வகுப்பறையில் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

டைபாய்டு, மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. கணக்கு வாத்தியாருக்கு வந்தால் வகுப்புக்குக் கவலை குறைவு. மதிய உணவு சமைப்பவருக்கு வந்தால் பள்ளிக்கே கவலை. இங்கேதான் பெரும்பாலான விதிகள் கோட்டை விடுகின்றன. 'ஸ்டாஃப்' என்றால் ஆசிரியர் மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சமையல் அம்மா, சின்னப் பிள்ளைகளுக்கு வாய் துடைத்துவிடும் ஆயா, நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு சன்னலை மூடி ஓட்டும் வேன் டிரைவர் எல்லோரும் தொற்றின் பாதையில் நிற்பவர்கள். நோரோவைரஸ் பரவச் சில பத்து வைரஸ் துகள்களே போதும். வயிற்றுப்போக்கு நின்ற அன்றே கரண்டியைப் பிடிப்பவரால் நூறு தட்டுக்குப் போய்விடும். மதிய உணவுத் திட்டத்தில் சமைப்பவருக்கு 2009 முதல் மத்திய அரசு கணக்கிட்ட மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருடத்தில் பத்து மாதத்துக்கு. மாநிலங்கள் அதற்குமேல் சேர்த்துக் கொடுக்கின்றன. இரண்டு நாள் வராமல் இருங்கள் என்று அவரிடம் சொல்லும் பள்ளி, அந்த இரண்டு நாள் கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

காசநோய் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்வது எந்த ஆசிரியருக்கும் முதல் கடமை. நோய் உறுதியானால், மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருக்கும் பட்சத்தில், சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் ஆற்றல் பெருமளவு குறைந்துவிடுகிறது. சிகிச்சை முழுதும் முடிய ஆறு மாதம் ஆகும் என்பதால் ஆறு மாதமும் வரக்கூடாது என்று சொல்வதோ, ராஜினாமா கேட்பதோ அறிவியலுக்கு முரணானது. அப்படிக் கேட்கும் இடத்தில் ஆசிரியர்கள் நோயை மறைப்பார்கள். மறைத்த நோய்தான் பரவும். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நாள் வரை வீட்டில், பிறகு மருந்தோடு வகுப்பில் என்பதே சரியான விதி.

வேப்பிலையும் குவாரண்டைன் விடுப்பும்

தனித்திருத்தல் நமக்குப் புதிதன்று. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். நோயாளி மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வெளியே போகமாட்டார். கொப்புளங்கள் பொருக்காகும் காலமும் தண்ணீர் ஊற்றும் காலமும் ஏறக்குறைய ஒத்துப்போவதால், வைரஸைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே நல்லதொரு விதி நடைமுறையில் இருந்திருக்கிறது. சிகந்தராபாத்தின் ஆஷாட மாதப் போனாலு விழாவின் பின்னணியிலும் ஒரு கொள்ளைநோய் இருப்பதாக மரபு சொல்கிறது. 1813இல் ஊரில் நோய் பரவியபோது, உஜ்ஜயினியில் இருந்த சிகந்தராபாத் படைவீரர் ஒருவர் வேண்டிக்கொண்டு, திரும்பி வந்து மகாகாளிக்குக் கோயில் எழுப்பினார் என்பது அந்தச் செய்தி. போனாலு நடக்கும் ஜூலைதான் பள்ளிகளில் காய்ச்சல் ஏறும் மாதமும்.

அரசு அலுவலகங்களிலும் இந்த அறிவு ஒரு காலத்தில் விதியாகவே இருந்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கான பழைய விதிகளில் குவாரண்டைன் விடுப்பு என்று ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது பெரியம்மை, பிளேக், காலரா போன்ற குறிப்பிட்ட நோய் வந்தால், ஊழியர் நலமாக இருந்தாலும் அலுவலகத்துக்கு வரக்கூடாது. 21 நாள் வரை, தவிர்க்க முடியாவிட்டால் 30 நாள் வரை. அந்த நாட்கள் அவருடைய விடுப்புக் கணக்கில் கழிக்கப்படமாட்டா. பணியில் இருந்ததாகவே கருதப்படும், சம்பளமும் உண்டு. ஊழியர் நலனைவிட மற்றவர்கள் நலனுக்காகவே அவரை விலக்கி வைக்கிறோம், ஆகவே செலவு அவருடையது ஆகாது என்ற தெளிவு அந்த விதியில் இருந்தது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. பிளேக்கும் பேச்சிலிருந்து மறைந்தது. அந்த நோய்களோடு அந்தத் தெளிவும் மறைந்து போனது.

கோவிட் வந்ததும் அது கொஞ்ச நாள் திரும்பி வந்தது. கைரேகை வருகைப் பதிவை 2020 மார்ச் 6 அன்று மத்திய அரசு தற்காலிகமாக நிறுத்தியது. 2021 ஜூனில் வந்த உத்தரவு, தொற்று உறுதியான மத்திய அரசு ஊழியருக்கு மருத்துவச் சான்று கேட்காமல் 20 நாள் வரை விடுப்பு அளித்தது. பெற்றோருக்கோ குடும்பத்தாருக்கோ வந்தால் 15 நாள் சிறப்புத் தற்செயல் விடுப்பு. 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு முக அடையாள வருகைப் பதிவு தொடங்கியிருக்கிறது. ஆசிரியர் வந்தாரா என்று அந்தக் கருவி துல்லியமாகச் சொல்லும். வந்திருக்க வேண்டியவர்தானா என்று அதற்குத் தெரியாது.

முதல் இரண்டு நாள் சம்பளம்

போவன்பள்ளி போன்ற இடங்களில் பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது தனியார் பள்ளிகளில். அங்கே வேலை செய்பவர்களின் நிலையை 2021 ஏப்ரல் காட்டிக்கொடுத்தது. பள்ளிகள் மூடியதால் வருமானம் இழந்த தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் மாதம் 2,000 ரூபாயும் 25 கிலோ அரிசியும் கொடுப்பதாகத் தெலங்கானா அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. பி.எட். படித்தவர்கள் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். இப்படிப்பட்ட ஒருவர், மூக்கு ஒழுகுகிறது என்பதற்காக இரண்டு நாள் சம்பளத்தை இழக்கத் துணிவாரா?

சட்டமும் அவருக்குப் பெரிய துணையாக இல்லை. தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர்கள் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சுந்தராம்பாள் வழக்கில் தீர்ப்பளித்தது. இன்னொரு வழி, ஈ.எஸ்.ஐ. எனப்படும் ஊழியர் காப்பீடு. தமிழ்நாடு 2010இல் கல்வி நிறுவனங்களை அதன் வளையத்துக்குள் கொண்டுவந்தது, அதை எதிர்த்த வழக்குகளுக்குப் பின் 2020இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அந்த அறிவிப்பு செல்லும் என்றது. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி, கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைத்தது: நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு அந்த உதவி கிடையாது. சின்னச் சின்னக் காரணங்களுக்கு விடுப்பு எடுப்பதைத் தடுக்கும் நோக்கம் அதில் தெரிகிறது. ஃப்ளூ அதிகம் பரவும் நாட்கள் எவை என்று பார்த்தோமோ, அதே இரண்டு நாட்கள்தான் அவை.

பள்ளிகளின் சொந்த விதிகளும் இதே தவறைச் செய்கின்றன. மூன்று நாளுக்கு மேல் என்றால் மருத்துவச் சான்றோடு மருத்துவ விடுப்பு. அதற்குள் என்றால் சம்பளப் பிடித்தம். முன்கூட்டியே சொல்லாத விடுப்புக்கு இரட்டைப் பிடித்தம் என்றுகூட எழுதி வைக்கும் நிர்வாகங்கள் உண்டு. காய்ச்சல் முன்கூட்டிச் சொல்லிவிட்டா வருகிறது? ஒரு நாள்கூட லீவு போடாதவர் என்று பணி ஓய்வு விழாவில் புகழ்வதும், நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுப்பதும் இந்த விதிகளின் பண்பாட்டு முகம்.

சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்மையிலேயே தொற்றைக் குறைக்கிறதா? அமெரிக்காவில் 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக இரண்டு வாரம் வரை சம்பள விடுப்பு தரும் அவசரச் சட்டம் வந்தது. அதனால் புதிதாகப் பயன்பெற்ற மாநிலங்களையும், ஏற்கெனவே அத்தகைய விடுப்பு இருந்த மாநிலங்களையும் ஒப்பிட்ட பொருளாதார அறிஞர்கள், பயன்பெற்ற மாநிலங்களில் நாளொன்றுக்கு, மாநிலத்துக்குச் சுமார் 400 பேர் குறைவாகத் தொற்றுக்கு ஆளானதாகக் கணித்தார்கள். விடுப்புக்குப் பணம் கொடுப்பதும் ஒரு சுகாதார நடவடிக்கை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேட வேண்டியதில்லை.

கணக்கை வகுப்பறை அளவிலும் போட்டுப் பார்க்கலாம். மரின் பள்ளியில் 12 பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து நாள் வீட்டில் இருந்ததாக வைத்துக்கொண்டாலே 60 மாணவர் நாட்கள் போய்விடுகின்றன. அந்த ஆசிரியர் வராமலிருந்திருந்தால் 24 பிள்ளைகளுக்கும் இரண்டு நாள் வேறு ஆசிரியர் பாடம் எடுத்திருப்பார், அவ்வளவுதான். மாற்று ஆசிரியரைத் தேடும் சிரமத்தைவிடப் பாதி வகுப்பு காலியாகக் கிடப்பதும், இருமும் பேரப்பிள்ளையிடமிருந்து வீட்டிலுள்ள பாட்டிக்கு நிமோனியா வருவதும் பெரிய செலவு.

ஒரு பக்க விதி

இதற்கு மருத்துவமனை தேவையில்லை. ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய விதி போதும்.

முதலாவது, காய்ச்சலோ புதிய இருமலோ வாந்தியோ தொடங்கிய நாளில் எந்த ஊழியரும் பள்ளிக்கு வரக்கூடாது. முதல் மூன்று நாளுக்குச் சான்று கேட்கக்கூடாது, சம்பளம் பிடிக்கக்கூடாது. சான்றுக்காக மருத்துவமனை வரிசையில் நிற்பதே இன்னொரு பரவல்.

இரண்டாவது, திரும்பி வரும் நாளை நோய்தான் முடிவு செய்ய வேண்டும். மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்து, மற்ற அறிகுறிகளும் குறைந்து வந்தால் ஃப்ளூ, கோவிட் போன்றவற்றுக்குத் திரும்பலாம். அதன்பின் ஐந்து நாள் முகக்கவசம். 2024 மார்ச் முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பொது அறிவுரை இதுதான். தட்டம்மை, சின்னம்மை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு மேலே சொன்ன நாள்கணக்கு. அந்தப் பட்டியல் ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது, மாற்று ஏற்பாடு. யாருக்குப் பதில் யார் என்று கால அட்டவணையிலேயே இருக்க வேண்டும். ஓராசிரியர் பள்ளிகளில் இது மிகக் கடினம். அங்கே பொறுப்பு, பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆளனுப்ப வேண்டிய கல்வித் துறையைச் சேரும். தனி ஆசிரியரின் மனச்சாட்சி மேல் அதைச் சுமத்துவது நியாயமாகாது.

நான்காவது, தடுப்பூசி. 2017இல் தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடப் பள்ளிகளே முகாம்களாக மாறின. ஆசிரியர்கள் போட்டுக்கொண்டார்களா என்று யாரும் கேட்கவில்லை. சின்னம்மைத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் இல்லை; பெரியவர்களுக்கு வந்தால் சின்னம்மை பிள்ளைகளைவிடக் கடுமையாகத் தாக்கும், கருவுற்ற ஆசிரியைக்கோ இரட்டை ஆபத்து. வேலையில் சேரும்போது போட்டுக்கொண்ட ஊசிகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வதும், வருடாந்திர ஃப்ளூ ஊசிக்கு நிர்வாகம் உதவுவதும் பெரிய செலவில்லை. சமையல் ஊழியருக்கு டைபாய்டு ஊசி அவசியம்.

ஐந்தாவது, ரகசியம். பெற்றோருக்கு நோயைச் சொல்லலாம், பெயரைச் சொல்லக்கூடாது. வகுப்பில் ஒருவருக்குச் சின்னம்மை வந்திருக்கிறது, கொப்புளம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள் என்ற வரி போதும்.

பெற்றோரும் இதில் ஒரு தரப்பு. டீச்சர் அடிக்கடி லீவு போடுகிறார் என்று பள்ளி அலுவலகத்தில் புகார் சொல்வதற்கு முன், இருமிக்கொண்டே பாடம் நடத்தும் டீச்சரைப் பற்றியும் கேளுங்கள். அவருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டா என்ற கேள்வி, பேருந்து வசதி உண்டா என்ற கேள்வியைப் போலவே சேர்க்கையின்போது கேட்கத்தக்கது. பள்ளி நிர்வாகிகள் அடுத்த ஜூன் திறப்புக்கு முன் அந்த ஒரு பக்கத்தை எழுதி, முதல் மூன்று நாள் சம்பளத்தை உறுதி செய்துவிடட்டும். பிள்ளைகளின் உடல்நலத்துக்காகப் பள்ளி செய்யும் செலவுகளில் அதைவிட மலிவானது வேறில்லை.